பூட்டிய எஸ்.எஸ்.டி. கணனிக்குத் தெரியவில்லையா?

எம்முடைய குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு மடிக்கணனி இருக்கின்றது. வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து கொடுத்ததாகவோ, பட்டினத்தில் பாவித்த சாமான் விற்கும் கடையில் வாங்கியதாகவோ அது இருக்கும். பிள்ளையின் படிப்புக்கென வந்த அந்தப் பெட்டிக்குள் காலப்போக்கில் வேறு பலவும் சேர்ந்துவிடுகின்றன. காணி அனுமதிப்பத்திரத்தின் படம், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் பிரதி, கமக்காரர் அமைப்பின் வரவுசெலவு, பரீட்சைப் பெறுபேறு, இறந்துபோன ஒருவரின் ஒரேயொரு புகைப்படம் என்று பட்டியல் நீளும். 1995 இலும் 2009 இலும் ஓடிய ஓட்டத்தில் கடதாசிகளைத் தொலைத்தவர்கள் எம்மிடையே அநேகர். ஆகையால், மிஞ்சியவற்றையும் பின்னர் அலைந்து பெற்றவற்றையும் படமெடுத்துக் கணனியில் சேர்த்து வைக்கின்றோம். நல்ல பழக்கந்தான்.

ஆனால் ஐந்தாறு வருடம் சென்றதும் கணனி களைத்துவிடுகின்றது. பொத்தானை அமர்த்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகங்கழுவி வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும். "இது இனிச் சரிவராது, வேறொன்றை வாங்குங்கோ" என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அதற்குத் தேவையில்லை. களைத்திருப்பது கணனி முழுவதுமல்ல, அதனுள்ளே தகவல்களைச் சேமித்து வைக்கும் ஹாட் டிஸ்க் மாத்திரமே. அதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்புச் சாதனத்தைப் பூட்டினால் அதே கணனி மேலும் சில வருடங்கள் உழைக்கும்.

பூட்டுவது அரைமணி நேர வேலை. பூட்டிய பின்னர், "அப்படியொன்றும் இங்கே இல்லை" என்று கணனி சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகின்றது. அந்த வேளையில் பதற்றப்பட்டு எதையாவது அமர்த்தினால், அழிவது புதிய எஸ்.எஸ்.டி. அல்ல. பழைய டிஸ்க்கில் இருக்கும் எமது கடதாசிகளே அழிகின்றன. இதை நாம் புத்தகத்தில் படித்து அறியவில்லை. எமது கையாலேயே செய்து அறிந்தோம். அதைப் பின்னர் சொல்கின்றோம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

ஹாட் டிஸ்க்கின் உள்ளே ஒரு வட்டத்தட்டு நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றுகின்றது (சிலவற்றில் 7200 தடவை). அதன் மேலே ஒரு சிறு கை அங்குமிங்கும் அசைந்து வேண்டிய தகவலைத் தேடி எடுக்கின்றது. ஒரு தகவலைத் தேடிச் செல்ல ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேலே செல்லும். இது மிகச் சிறிய நேரம் என்று தோன்றும். ஆயினும் விண்டோஸ் தொடங்கும்போது பல்லாயிரம் சிறு துண்டுகளைத் தட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து எடுக்க வேண்டியிருக்கின்றது. களஞ்சியத்துக்கு ஒருவரை அனுப்பி ஒவ்வொரு விதைநெல்லாக எடுத்துவரச் சொல்வதைப் போன்றது அது.

எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டோ அசையும் கையோ இல்லை. பென் டிரைவில் உள்ளதைப் போன்ற சிப்களே அதில் உள்ளன. தேடிச் செல்லும் நேரம் ஹாட் டிஸ்க்குக்கு ஆவதில் நூறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். தொடர்ச்சியாகப் படிக்கும் வேகத்தைப் பார்த்தாலும், மடிக்கணனி ஹாட் டிஸ்க் செக்கனுக்குச் சுமார் 100 மெகாபைட் தருமிடத்தில் சாதாரண எஸ்.எஸ்.டி. சுமார் 500 தரும். கிரவல் வீதியில் சைக்கிள் கரியரில் வைத்துக் கொண்டுபோகும்போது படும் அதிர்ச்சியும் எஸ்.எஸ்.டி.யைப் பெரிதாகப் பாதிப்பதில்லை.

ஒரு குறை இருக்கின்றது. ஹாட் டிஸ்க்கில் தவறுதலாக அழித்த கோப்பைப் பல வேளைகளில் மீட்டெடுக்கலாம். எஸ்.எஸ்.டி.யில் அவ்வாறல்ல. அழிக்கப்பட்ட இடங்களை உண்மையாகவே வெறுமையாக்கிவிடும்படி விண்டோஸ் அதற்குக் கட்டளை அனுப்புகின்றது. அது நிறைவேறிய பின்னர் தேடினாலும் கிடைக்க ஒன்றுமிராது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

நாம் செய்த பிழை

சில வருடங்களுக்கு முன்னர் எமது நிலையத்திலிருந்த மடிக்கணனி ஒன்றுக்கு எஸ்.எஸ்.டி. பூட்ட முற்பட்டோம். மீளக்குடியேறிய குடும்பங்களின் காணிப் பத்திரங்களை இளைஞர் சிலர் வீடுவீடாகச் சென்று படமெடுத்து அந்தக் கணனியில் சேர்த்திருந்தார்கள். பழைய டிஸ்க் 500 ஜீ.பி. புதியதும் 500 ஜீ.பி. இரண்டையும் வயர் மூலம் மேசைக் கணனியில் ஒரே நேரத்தில் தொடுத்திருந்தோம். புதியதை முதல் நாள் ஒருவர் போர்மட் செய்திருந்தார். ஆனால் அதற்குரிய எழுத்து திரையில் வரவில்லை. அதைத் தெரியப்பண்ணுவதற்காக டிஸ்க் மனேஜ்மென்ட் என்ற பகுதியைத் திறந்தோம். ஒரே அளவில், ஒரே நிறத்தில் இரண்டு பட்டைகள் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன. எச்சரிக்கைச் செய்தி வந்தது. "ஆம்" என்று அமர்த்தினோம். நாம் போர்மட் செய்தது பழைய டிஸ்க்கை.

விரைவு போர்மட் ஆனபடியாலும், அது ஹாட் டிஸ்க் ஆனபடியாலும் முழுவதும் போய்விடவில்லை. ஃபோட்டோரெக் என்ற இலவச மீட்புச் செயலியைக் கொண்டு படங்களில் அநேகமானவற்றைத் திரும்ப எடுத்தோம். ஆனால் அது கோப்பின் பெயரை மீட்பதில்லை. குடும்பத் தலைவரின் பெயரும் துண்டு இலக்கமும் இட்டு ஒழுங்காக வைத்திருந்த படங்கள் யாவும் வெறும் எண்களைப் பெயராகத் தாங்கி ஒரே குவியலாக வந்தன. பல மாலைவேளைகள் சனங்கள் நிலையத்துக்கு வந்து திரையின் முன்னாலிருந்து தத்தம் பத்திரத்தை இனங்காட்டினார்கள். "இது எங்கட பேமிற் இல்லைத் தம்பி, இது என்ர தமையன்ர. அந்த மடிப்பைப் பாரும்" என்று ஓர் அம்மா சொன்னது இன்னும் காதில் நிற்கின்றது. சில படங்கள் மேற்பாதி மட்டும் தெளிவாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் கிடைத்தன. அவற்றுள் ஒன்றுக்குரிய மூலப் பத்திரம் வெள்ளத்தில் நைந்து போயிருந்தது. அதன் சொந்தக்காரர் மறுபடியும் பிரதேச செயலகத்துக்கு நடக்க வேண்டியதாயிற்று. அவர் எம்மைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

வாங்குமுன்

கடைக்குப் போய் "ஒரு எஸ்.எஸ்.டி. தாருங்கோ" என்று கேட்பது போதாது. தெரியாமற்போகும் சிக்கல்களில் ஒரு பெரும்பகுதி, பொருந்தாத வகையை வாங்கி வருவதால் உண்டாவதே. கணனியின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் பெயரையும் மாதிரி இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் கணனியையே கொண்டுபோங்கள்.

பழைய மடிக்கணனிகளில் பெரும்பாலும் இரண்டரை அங்குல ஹாட் டிஸ்க் இருக்கும். அதே அளவிலும் அதே சாட்டா இணைப்பிலும் எஸ்.எஸ்.டி. கிடைக்கின்றது. எமது தேவைக்கு இதுவே இலகுவானது. பழைய டிஸ்க் 9.5 மி.மீ. தடிப்பாகவும் எஸ்.எஸ்.டி. 7 மி.மீ. தடிப்பாகவும் இருக்கலாம். அப்போது அது உள்ளே ஆடும், ஆடினால் தொடுப்பு விலகும். சில எஸ்.எஸ்.டி.களுடன் இதற்கென ஒரு பிளாஸ்டிக் சட்டம் வரும். இல்லாவிடின் தடித்த மட்டையை அளவாக வெட்டி வைத்தாலும் போதும்.

அண்மைய மடிக்கணனிகளில் சூயிங்கம் துண்டைப் போன்ற எம்.2 என்னும் வகை உள்ளது. அகலம் 22 மி.மீ. நீளம் பலவாறு இருக்கும். 2280 என்று எழுதியிருந்தால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்பது பொருள். 2242 என்றால் 42 மி.மீ. நீளம். நீளத்தைப் பார்த்து வாங்கிவிடுவார்கள், ஆனால் உள்ளே இருக்கும் மொழியைப் பார்ப்பதில்லை. எம்.2 உருவத்தில் இரு வகைகள் இருக்கின்றன. ஒன்று சாட்டா முறையில் பேசுவது. மற்றது என்.வி.எம்.இ. முறையில் பேசுவது. சாட்டாவுக்கு மட்டுமான துளையில் என்.வி.எம்.இ. துண்டைச் செருகினால், அது சரியாகப் பொருந்தியிருந்தாலும் கணனிக்குத் தெரியாது. மறுதலையும் அவ்வாறே. தொடுமுனைப் பக்கத்தில் இரண்டு வெட்டு இருப்பது பெரும்பாலும் சாட்டா வகை, ஒரு வெட்டு மாத்திரம் இருப்பது பெரும்பாலும் என்.வி.எம்.இ. ஆயினும் வெட்டை மட்டும் நம்பாமல், துண்டின் மேலுள்ள எழுத்தையும் கணனியின் விபரக்கொத்தையும் பாருங்கள்.

இவ்விரண்டுக்கும் முந்தியது எம்சாட்டா என்னும் சிறு அட்டை. லெனோவோ திங்பாட் டி420, டி430 ஆகிய மாதிரிகளில், கைத்தொலைபேசி இணையத்துக்கென விடப்பட்ட துளையில் இதைப் பூட்டலாம். வேகம் பிரதான டிஸ்க்குக்குரிய இணைப்பின் அரைவாசியே, செக்கனுக்கு 3 கிகாபிட். ஆயினும் ஹாட் டிஸ்க்கைக் காட்டிலும் எவ்வளவோ மேல். பழைய ஹாட் டிஸ்க்கையும் அதனிடத்திலேயே விட்டுவைக்கலாம். ஆனால் இதே தோற்றமுள்ள துளை வேறு பல கணனிகளில் வைஃபை அட்டைக்கு மட்டும் உரியது. அங்கே எம்சாட்டா அட்டை அழகாகப் பொருந்தும், ஆனால் ஒருபோதும் வேலை செய்யாது.

அளவு பற்றி ஒரு வார்த்தை. 240 ஜீ.பி. என்று வாங்கியது திரையில் 223 என்று காட்டும். 500 என்பது 465 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, தயாரிப்பாளர் எண்ணும் முறையும் விண்டோஸ் எண்ணும் முறையும் வேறு. அதேவேளை, மிகக் குறைந்த விலைக்கு 8 அல்லது 16 டெராபைட் என்று சொல்லி விற்கப்படும் வெளிப்புற எஸ்.எஸ்.டி.களை வாங்க வேண்டாம். திறந்து பார்த்தால் உள்ளே கைத்தொலைபேசி மெமரி கார்ட் ஒன்று இருக்கும். எழுதியது எழுதியபடி காணாமற்போகும்.

பூட்டுதல்

ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்குமுன் முக்கியமான கோப்புகளை வேறிரண்டு இடங்களில் பிரதி செய்யுங்கள். ஒன்று பென் டிரைவாகவும் மற்றது வேறொருவருடைய கணனியாகவும் இருக்கலாம். பிரதி செய்தால் மட்டும் போதாது, அந்தப் பிரதியை வேறு கணனியில் திறந்து பார்க்க வேண்டும். பழைய டிஸ்க் "டிக், டிக்" என்று சத்தமிடுமானால் முழுவதையும் பிரதி செய்ய முயல வேண்டாம். காணிப் பத்திரங்களை முதலில் எடுங்கள், பிறகு படங்களை, பாட்டும் சினிமாவும் கடைசியில்.

பின்னர் ஷிஃப்ட் சாவியை அமர்த்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் விண்டோஸ் அரைத்தூக்கமின்றி முழுமையாக நிற்கும். சாஜரைக் கழற்றி, பற்றறியையும் கழற்றி, பொத்தானைப் பத்துப் பதினைந்து செக்கன் அமர்த்திப் பிடியுங்கள். பற்றறி உள்ளேயே இருக்கும் மாதிரியானால் மூடியைத் திறந்தவுடன் முதல் வேலையாக அதன் தொடுப்பைக் கழற்ற வேண்டும். ஓர் உலோகப் பொருளைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னை இறக்கிவிடுங்கள். கழற்றும் ஆணிகளில் நீளமானவையும் கட்டையானவையும் இருக்கும். ஒரு கடதாசியில் கணனியின் உருவத்தைக் கீறி, எந்த ஆணி எங்கிருந்ததோ அங்கேயே அதை வையுங்கள். நீள ஆணியைக் கட்டை ஆணியின் இடத்தில் முறுக்கி மதர்போட்டைத் துளைத்தவர்களை நாம் கண்டிருக்கின்றோம்.

இரண்டரை அங்குல டிஸ்க்கை மேல்நோக்கி இழுக்காமல் தொடுப்பின் எதிர்ப்பக்கமாகச் சறுக்கி எடுக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள தகரச் சட்டத்தைப் புதியதற்கு மாற்றுங்கள். எம்.2 துண்டைச் சற்றுச் சரிவாகச் செருகி, மறுமுனையை மெதுவாகக் கீழே அமர்த்தி ஆணி முறுக்க வேண்டும். பொன்னிறத் தொடுமுனைகள் வெளியே அதிகம் தெரிந்தால் அது முற்றாக உள்ளே செல்லவில்லை.

எங்கே தெரியவில்லை?

"தெரியவில்லை" என்று எம்மிடம் கணனியுடன் வருபவர்களிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி: எங்கே தெரியவில்லை? கணனியின் அடிப்படை அமைப்பான பயோஸிலா, விண்டோஸைப் புதிதாகப் பதிக்கும் திரையிலா, அல்லது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸிலா? இவை மூன்றும் வெவ்வேறு நோய்கள். மருந்தும் வெவ்வேறு.

முதலில் பயோஸைப் பாருங்கள். கணனியைப் போட்டவுடன் ஒரு சாவியைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். டெல், ஏசர், ஆசுஸ் வகைகளில் பெரும்பாலும் எஃப்2, எச்.பி.யில் எஃப்10, திங்பாட்டில் எஃப்1. அங்கே டிஸ்க்கின் பெயர் இருந்தால் கம்பியும் தொடுப்பும் நலம்.

பயோஸிலேயே பெயர் இல்லையென்றால் விண்டோஸில் எதைச் செய்தும் பயனில்லை. கழற்றி மீண்டும் ஒருமுறை செருகிப் பாருங்கள். இதுவே பாதிப் பேருக்கு மருந்து. பின்னர் பழைய டிஸ்க்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அதுவும் தெரியவில்லையென்றால் தொடுப்பிலோ நாடா வயரிலோ பழுது இருக்கின்றது. பழையது தெரிந்து புதியது தெரியாவிட்டால் உடனே "எஸ்.எஸ்.டி. பழுது" என்று முடிவு கட்டவும் வேண்டாம். தேய்ந்துபோன நாடா வயர், வேகம் குறைந்த டிஸ்க்கைத் தாங்கும், வேகம் கூடியதைத் தாங்காது. புதிய எஸ்.எஸ்.டி.யை யூ.எஸ்.பி. உறையில் இட்டு வேறொரு கணனியில் தொடுத்துப் பார்த்தால் உண்மை வெளிக்கும். (என்.வி.எம்.இ. துண்டுக்கு அதற்குரிய உறை வேண்டும். சாட்டா உறையில் அதுவும் "தெரியாமற்" போகும்.) அங்கே தெரிந்தால் சாமான் நல்லது. குறை உங்கள் கணனியின் துளையிலோ வயரிலோ வகைப் பொருத்தத்திலோ இருக்கின்றது. அங்கேயும் தெரியாவிட்டால், உத்தரவாதத் துண்டுடன் கடைக்குத் திரும்பக் கொண்டுபோகலாம். சில கணனிகளின் பயோஸில் குறிப்பிட்ட துளை நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதுமுண்டு. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சீடி டிரைவைக் கழற்றி அந்த இடத்தில், கடி எனப்படும் சட்டத்துக்குள் இரண்டாவது டிஸ்க்கை வைப்பவர்களும் உண்டு. சட்டம் 12.7 மி.மீ., 9.5 மி.மீ. என இரு தடிப்பில் வரும். சீடி டிரைவை அளந்து வாங்குங்கள். சில சட்டங்களில் நகத்தளவு சுவிட்ச் ஒன்று இருக்கும். டிஸ்க் தெரியாவிட்டால் அதை மற்ற நிலைக்குத் தள்ளிப் பாருங்கள். எஸ்.எஸ்.டி.யைப் பிரதான இடத்திலும் பழைய ஹாட் டிஸ்க்கைச் சட்டத்திலும் வைப்பதே நல்லது. சில கணனிகள் சீடி டிரைவின் இடத்திலிருந்து இயங்கத் தொடங்குவதில்லை.

அடுத்தது, பயோஸில் தெரிகின்றது, ஆனால் விண்டோஸ் பதிக்கும் திரையில் டிஸ்க் பட்டியல் வெறுமையாக இருக்கின்றது. இன்டெலின் 11 ஆம் தலைமுறைச் செயலியும் அதற்குப் பிந்தியவையும் உள்ள மடிக்கணனிகளில் இது சாதாரணம். அங்கே வி.எம்.டி. என்னும் அமைப்பு டிஸ்க்கை மறைத்து நிற்கின்றது. கணனித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்.எஸ்.டி. டிரைவரை இறக்கி, பென்னில் இட்டு, அத்திரையிலேயே "லோட் டிரைவர்" கொடுத்தால் டிஸ்க் தோன்றும். பயோஸில் வி.எம்.டி.யை நிறுத்தியும் விடலாம். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் கணனியில் இந்த அமைப்பை விளையாட்டாக மாற்றக்கூடாது. நீலத்திரை வந்து கணனி தொடங்காமலே நிற்கும். அப்படி நேர்ந்தால் பயப்படாமல் பழைய நிலைக்கே மாற்றிவிடுங்கள். பழைய கணனிகளில் ஏ.எச்.சி.ஐ., ஐ.டி.இ. என்ற மாற்றத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். விண்டோஸ் 7 பாவிப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். என்.வி.எம்.இ. வகையை அது தானாக அறியாது.

டிஸ்க் பட்டியலில் இருக்கின்றது, ஆனால் "இதிற் பதிக்க முடியாது" என்று செய்தி வருகின்றது என்றால், அது டிஸ்க்கின் பிரிவு முறையைப் பற்றியது. யூ.இ.எஃப்.ஐ. முறையில் தொடங்கும் கணனிக்கு ஜி.பி.டி., பழைய லெகசி முறைக்கு எம்.பி.ஆர். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், அவ்வளவுதான். டிஸ்க்கில் பழுதில்லை.

அந்த ஒரு கேள்வி

மூன்றாவது நிலைக்கு வருகின்றோம். விண்டோஸ் ஓடுகின்றது, பயோஸிலும் பெயர் இருக்கின்றது, ஆனால் மை கொம்பியூட்டரைத் திறந்தால் புதிய எஸ்.எஸ்.டி. இல்லை. இது பழுதே அல்ல. புதிய டிஸ்க் என்பது வரம்பு கட்டாத வயல். வரம்பு கட்டிய பின்னரே அதற்கு ஒரு பெயரும் எழுத்தும் கிடைக்கும். விண்டோஸ் சாவியையும் எக்ஸ் சாவியையும் சேர்த்து அமர்த்தி டிஸ்க் மனேஜ்மென்டைத் திறந்தால், "இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா?" என்று ஒரு பெட்டி வரும். புதிய எஸ்.எஸ்.டி.க்கு "ஆம்" என்று சொல்ல வேண்டும். ஜி.பி.டி.யைத் தெரிவுசெய்து, கறுப்புப் பட்டையில் வலது பொத்தானை அமர்த்தி, புதிய பிரிவை உண்டாக்கி, என்.டி.எஃப்.எஸ். முறையில் போர்மட் செய்தால் அது தோன்றிவிடும்.

ஆனால் இதே கேள்வியை இதே சொற்களில், பழுதடையத் தொடங்கிய பழைய டிஸ்க்கைப் பற்றியும் விண்டோஸ் கேட்கும். "இதை வாசிக்க முடியவில்லை, போர்மட் செய்யவா?" என்றும் கேட்கும். கேட்பது கணனி, எது புதியது எது பழையது என்பது அதற்குத் தெரியாது. பழைய டிஸ்க்குக்கு இக்கேள்வி வந்தால் ஒருபோதும் "ஆம்" சொல்லாதீர்கள். "கான்சல்" கொடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, விஷயமறிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். தவறுதலாக இனிஷியலைஸ் மட்டும் செய்துவிட்டாலும் அத்தோடு நிறுத்துங்கள். பிரிவு உண்டாக்கவோ, போர்மட் செய்யவோ, ஒரு கோப்பேனும் எழுதவோ வேண்டாம். அழிந்தது வரம்பு மட்டுமே. டெஸ்ட்டிஸ்க் என்ற செயலியினால் பல வேளைகளில் அதைத் திரும்பக் கட்டலாம்.

எமது பிழைக்குப் பின்னர் நிலையத்தில் ஒரு விதி வைத்தோம். புதிய டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யும் நேரத்தில் பழைய டிஸ்க் அந்தக் கணனியில் தொடுக்கப்பட்டிருக்கக் கூடாது. கழற்றி மேசைமேல் வைக்க வேண்டும். தொடுக்கப்படாத டிஸ்க்கை எவராலும் அழிக்க முடியாது. புதியதை ஆயத்தப்படுத்தி, "புதியது" என்று அதற்குப் பெயருமிட்டு, கணனியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கிய பின்னரே பழையதைத் தொடுக்கின்றோம். வேலை சற்றுத் தாமதமாகும். ஆகட்டும்.

விண்டோஸைப் புதிதாகப் பதிக்காமல், பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு மாற்ற விரும்புவோர் குளோன்சில்லா என்ற இலவசச் செயலியைப் பாவிக்கலாம். இங்கே மாத்திரம் இரண்டு டிஸ்க்கும் ஒருங்கே தொடுக்கப்பட வேண்டும். எனவே மூலம் எது, சேருமிடம் எது என்பதை அளவைக் கொண்டல்ல, டிஸ்க்கின் மேலே எழுதியிருக்கும் மாதிரிப் பெயரைக் கொண்டு அறியுங்கள். இருவர் சேர்ந்திருந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் ஒத்துப் பார்ப்பது நல்லது. சேருமிடம் மூலத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. மாற்றிய பின் பழையதைக் கழற்றிவிட்டே கணனியைத் தொடங்க வேண்டும். இரண்டும் ஒரே அடையாள இலக்கத்துடன் இருப்பதால், சேர்ந்திருந்தால் விண்டோஸ் ஒன்றை "ஓஃப்லைன்" என்று ஒதுக்கிவிடும். அதைக் கண்டு டிஸ்க் பழுதாகிவிட்டது என்று பயந்தவர்கள் பலர். தொடங்கும்போது இயக்கத் தகுந்த டிஸ்க் இல்லை என்று செய்தி வந்தால், பயோஸில் தொடங்கும் ஒழுங்கைப் பாருங்கள். அங்கே இன்னும் பழைய டிஸ்க்கின் பெயர் முதலாவதாக நிற்கும்.

எந்த விண்டோஸ் என்றும் கேட்பார்கள். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. இன்டெல் 8 ஆம் தலைமுறைக்கு முந்திய கணனிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 11 இன் பட்டியலில் இல்லை. அப்படியான பழைய கணனிக்கு லினக்ஸ் மின்ற் போன்ற இலவச இயக்குதளத்தைப் பதித்தால், எஸ்.எஸ்.டி.யுடன் அது நன்றாகவே ஓடும். பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிவிடுவார்கள். பெரியவர்களுக்கு ஒரு கிழமை செல்லும்.

கழற்றிய பழைய டிஸ்க்கை உடனே விற்கவோ அழிக்கவோ வேண்டாம். யூ.எஸ்.பி. உறையொன்றில் இட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். வருடத்தில் இரண்டு தடவையாவது தொடுத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். எஸ்.எஸ்.டி.யை ஒரே பிரதியாக எழுதி, மின்சாரமின்றி வருடக்கணக்கில் தகரக் கூரையின் வெக்கையில் வைத்திருப்பது உகந்ததல்ல. அதிலுள்ள தகவல் மெல்ல மெல்ல மங்கிவிடக்கூடும். எமது நிலையத்தில் அந்த 500 ஜீ.பி. டிஸ்க் இன்றும் அலுமாரியில் இருக்கின்றது. "பழையது. அழிக்க வேண்டாம்" என்று ஓர் இளைஞன் சிவப்புப் பேனையால் எழுதி ஒட்டினான். கீழ்ப்பாதி சாம்பலாகிப்போன அந்தப் பத்திரத்தின் புதிய பிரதியையும், அதன் சொந்தக்காரர் கொண்டுவந்து தந்த அன்றே, படமெடுத்து அதிற் சேர்த்தோம்.